ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள்

நிறுவனப் பயிற்சிகளில் ஆடப்படும் பீர் கேம் என்ற ஆட்டம் நடக்கிற அறைக்குள் 20ஆவது சுற்று வாக்கில் நுழைந்து பாருங்கள். தொழிற்சாலையாக உட்கார்ந்திருப்பவர் தலையில் கை வைத்திருப்பார். கடைக்காரராக இருப்பவர், சரக்கு அனுப்பாத பக்கத்து நாற்காலிக்காரரை முறைத்துக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மேலாண்மைப் பள்ளியில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் குழு 1960ஐ ஒட்டி உருவாக்கிய ஆட்டம் இது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர். ஒரு சுற்று என்பது ஒரு வாரம். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுதிய ஆர்டர் மட்டும் கை மாறும். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரத் தாமதம் உண்டு. ஒரு பெட்டி பீர் ஒரு வாரம் தேங்கினால் அரை டாலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி நின்றால் ஒரு டாலர். வாடிக்கையாளர்கள் முதல் 4 வாரம் 4 பெட்டி கேட்பார்கள், 5ஆவது வாரத்திலிருந்து 8. அதன்பிறகு கடைசிவரை அந்த 8 மாறவே மாறாது. ஆனால் கடைக்காரரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

இந்த ஒரே ஒரு மாற்றத்துக்கே சங்கிலி முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். டீம்களின் சராசரிச் செலவு, குறைந்தபட்சம் ஆகியிருக்கக்கூடியதைப் போலச் சுமார் 10 மடங்கு என்று அதே பள்ளியின் பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

இவ்வளவு பெரிய பாடத்தை நிறுவனங்கள் எங்கே நழுவ விடுகின்றன? பெரும்பாலும் ஆட்டம் முடிந்த அடுத்த 10 நிமிடத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராமலிருக்க ஒரு விளையாட்டு என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருப்பார்கள். ஆட்டம் இழுத்துவிடும். ஜெயித்த டீமுக்குக் கைதட்டல், ஒரு குரூப் போட்டோ, டீ. அதோடு சரி. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் பீர் கேமின் உயிரே ஆடி முடித்தபின் நடக்கும் பேச்சில் இருக்கிறது. முதலில், யார் மேல் கோபம் வந்தது என்று கேட்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். பிறகு கடைக்காரரைத் தவிர மற்ற எல்லோரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, வாடிக்கையாளர் தேவை எப்படி மாறியது என்று வரையச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஏறி இறங்கும் அலையை வரைவார்கள். அதற்குப் பிறகே உண்மையான கோட்டைக் காட்ட வேண்டும்: ஒரே ஒரு படி, பிறகு நேர்கோடு. அந்த நிமிடத்தில் அறை அமைதியாகிவிடும். அலையை வாடிக்கையாளர் உண்டாக்கவில்லை, நாம்தான் உண்டாக்கினோம் என்பது யாரும் சொல்லாமலே புரியும். ஆட்டத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியையாவது இந்தப் பேச்சுக்கு ஒதுக்க முடியாதென்றால், ஆட்டத்தையே இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

இங்கேயே இன்னொரு சறுக்கலும் உண்டு. அதிகம் நஷ்டப்பட்டவரைச் சுட்டிக்காட்டி, "இப்படியா ஆர்டர் போடுவது?" என்று கேட்பது. அந்த நாற்காலியில் வேறு யாரை உட்கார வைத்தாலும் ஏறக்குறைய அதையேதான் செய்திருப்பார். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பர் வியாபாரத்தில் இதே அலையைக் கண்டது. குழந்தைகள் வாராவாரம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் டயப்பரை நனைக்கிறார்கள். கடை விற்பனையும் பெரிதாக மாறவில்லை. ஆனால் விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது. பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு என்பதால் சாட்டை விளைவு என்று இதற்குப் பெயர்.

நிறுவனங்களில் ஆடப்படும் இன்னொரு ஆட்டமான லெகோ சீரியஸ் ப்ளே வேறு வகை. 1990களில் சுவிட்சர்லாந்தின் ஐ.எம்.டி. மேலாண்மைப் பள்ளிப் பேராசிரியர்கள் யோஹான் ரூஸும் பார்ட் விக்டரும் விளையாட்டுக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய முறை. ஒரு கேள்வி தரப்படும். ஒவ்வொருவரும் தன் பதிலைக் கட்டைகளால் கட்டி, அதன் கதையைச் சொல்வார். எல்லோரும் கட்ட வேண்டும், எல்லோரும் சொல்ல வேண்டும் என்பது அடிப்படை விதி. நம் அலுவலகங்களில் இந்த விதி உடைவது மேலதிகாரியால்தான். அவர் முதலில் வாய் திறந்துவிட்டால் பிறகு சொல்லப்படும் கதைகளெல்லாம் "சார் சொன்ன மாதிரிதான்" என்றே ஆரம்பிக்கும். அவரைக் கடைசியில் பேச வையுங்கள். பேசாமல் மேற்பார்வை மட்டும் பார்ப்பேன் என்றால் அறையில் இடம் வேண்டாம்.

இன்னொருவர் கட்டியதற்கு நாம் பொருள் சொல்வதும் தவறு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கதவில்லாத சுவரை வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது சேல்ஸுக்கும் புரொடக்‌ஷனுக்கும் நடுவில இருக்கிற சண்டைதானே?" என்று யாராவது முந்திக்கொண்டால், அவர் "ஆமாம்" என்று தலையாட்டிவிடுவார். அவர் மனதில் இருந்தது வேறாக இருக்கலாம். "இந்தச் சுவரைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பொருளுக்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை. 2க்கு 4 குமிழ் உள்ள ஒரே நிற லெகோ கட்டைகள் ஆறை மட்டும் வைத்து 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம். பீர் கேமுக்குப் புளியங்கொட்டையும் காகிதமும் போதும். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் காலநிலை மையம் வெள்ள முன்னெச்சரிக்கை பற்றிய ஆட்டங்களைப் பயறும் பகடையும் கொண்டே நடத்தியிருக்கிறது.

எல்லாப் பிரச்சினைக்கும் ஆட்டம் மருந்தாகாது. சம்பளக் கணக்கில் பிழை வருகிறதென்றால் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பல கைகள் பட்டு, காரணம் ஓரிடத்திலும் விளைவு வேறிடத்திலும் நிற்கிற சிக்கலுக்குத்தான் ஆட்டம்.

முடிவை முன்பே எடுத்துவிட்டு, அதற்குச் சம்மதம் வாங்க ஆட்டம் நடத்துவது இவை எல்லாவற்றையும்விடக் கெட்டது. 1942 மே மாதம், பசிபிக் கடலில் அமெரிக்கா வசமிருந்த மிட்வே தீவைத் தாக்கும் முன் ஜப்பானியக் கடற்படை யமாட்டோ கப்பலில் மேசைமேல் போர் ஒத்திகை ஆடியது. பங்கேற்ற அதிகாரிகள் பின்னாளில் எழுதியபடி, பகடை உருட்டியதில் அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. ஒத்திகையை நடத்திய தளபதி உகாகி, விழுந்த குண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து அகாகியைக் காப்பாற்றினார். மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மறுபடி மிதந்தது. ஜூன் மாதம் உண்மையான போரில் அந்த இரண்டோடு சேர்த்து நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. பகடை ஜோசியம் சொல்லவில்லைதான். ஆனால் "இப்படி நடந்தால் என்ன செய்வோம்?" என்று கேட்க அது தந்த வாய்ப்பை மேலதிகாரியே அழித்துவிட்டார். உங்கள் ஆட்டத்தில் பிடிக்காத முடிவு வந்தால் அதைத் தொடாதீர்கள். பலகையில் எழுதி, அப்படியே விடுங்கள்.

கலைந்து போகும் முன், கட்டியவர் சொன்ன கதையை அவர் வார்த்தையிலேயே குறித்துவையுங்கள். வெறும் போட்டோ மூன்று மாதம் கழித்து ஒன்றும் பேசாது. முடிந்தால் அதே வாரத்தில் பீர் கேமை இன்னொரு முறை ஆடுங்கள், ஒரே ஒரு மாற்றத்தோடு: கடையில் ஒவ்வொரு வாரமும் விற்றது எவ்வளவு என்று நான்கு பேர் கண்ணிலும் படும்படி பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். பிறகு, அந்தப் பலகை நம் அலுவலகத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.