பேனாவில் அளவு, பென்சிலில் விலை: ரங்கூன் வீட்டுக் கணக்கு

கல்யாணமாகி இரண்டு வருடம் நானும் மாதாமாதம் நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதினேன். போன மாதக் கணக்கைப் பார்த்து இந்த மாதத்துக்கு ஒதுக்குவேன். பதினைந்து தேதிக்குள் எல்லாம் தலைகீழாகிவிடும். எண்ணெய் ஏறியிருக்கும், அரிசி ஏறியிருக்கும், சம்பளம் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு நாள் என் மாமியார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காசை எழுதாதேம்மா, அளவை எழுது. விலை நம்ம கையில் இல்லை, சமைக்கிற அளவு நம்ம கையில்தானே இருக்கு" என்றார். அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஒரு மாதம் அளந்து மட்டும் பாருங்கள்

எதையும் குறைக்க வேண்டாம், வழக்கம்போலச் செலவு செய்யுங்கள். அரிசி அளக்கும் பால் டின் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எட்டு டின் ஒரு பியி, இது இங்கே அரிசி அளக்கும் பர்மிய அளவு. மூட்டைக்கு 24 பியி, அதாவது 192 டின். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஐந்து டின் ஆகிறது. அப்படியென்றால் ஒரு மூட்டை 38 நாள் வரும். இந்த ஒரு கணக்கு தெரியாமல்தான் தெருமுனைக் கடையில் சில்லறையாக வாங்கி, ஒவ்வொரு தடவையும் கூட விலை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எண்ணெயை அளப்பது கொஞ்சம் சிரமம். நான் ஒன்றாம் தேதி பாட்டிலில் எண்ணெய் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன். எட்டாம் தேதி நிற்கும் இடத்தில் இன்னொன்று. முதல் வாரம் இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அடுத்த வாரம் விருந்தாளிகள் வந்து வடை, அப்பளம் என்று போனதில் ஆறு விரல். எண்ணெய் எங்கே போகிறது என்று அதற்கு முன் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வீசைக் கணக்கில் எழுதுங்கள். பர்மியர்கள் பெய்த்தா என்று சொல்வது அதைத்தான், 1.63 கிலோ வரும். தமிழ்நாட்டுப் பழைய வீசை 1.4 கிலோதான் என்பதால், பாட்டி காலத்துக் குறிப்பை வைத்து அளக்கிறவர்கள் கவனமாக இருங்கள்.

அடுத்து, சம்பள நாளன்று காசாக்குங்கள்

மாதம் முடிந்ததும் நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, இடது பக்கம் பொருளும் அளவும் பேனாவில் எழுதுங்கள். வலது பக்கம் அன்றைய சந்தை விலையைப் பென்சிலில் எழுதிப் பெருக்குங்கள். அடுத்த மாதம் பென்சிலை மட்டும் அழித்தால் போதும், பேனா அப்படியே நிற்கும். கூட்டுத்தொகை சம்பளத்தைத் தாண்டினால் எந்த அளவைக் குறைப்பது என்று எல்லாரும் உட்கார்ந்து பேசலாம். "செலவு ஜாஸ்தியாயிடுச்சு" என்று பொதுவாகப் பேசினால் எங்கள் வீட்டில் சண்டைதான் வரும். "மாதம் அரை வீசை எண்ணெய் குறைக்கலாமா?" என்று கேட்டால் பதில் வருகிறது.

பக்கம் தயாரானதும் அன்றைக்கே அரிசி, எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல், கரி வாங்கிவிடுங்கள். கரண்டு எப்போது போகும் என்று தெரியாததால் கரியை நான் விடுவதே இல்லை. வெங்காயத்தை மட்டும் மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், அழுகிவிடும்.

மீதியைக் கவர்களில் பிரித்து வையுங்கள்

வாடகை, மீட்டர் பில், மருந்து, கோயில், டீக்கடை. என் வீட்டுக்காரர் காலையில் டீக்கடைக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தால்தான் அவருக்கு நாள் ஓடும். அதை நிறுத்தச் சொல்வது தப்பு. அதற்கென்று ஒரு கவர் போட்டதில் அவரே பார்த்துச் செலவு செய்கிறார். போன் வழியாகக் கட்டும் பணத்தையும் அன்றன்றே நோட்டில் ஏற்றுங்கள், கையால் எண்ணிக் கொடுக்காத காசு மனசில் நிற்காது.

பள்ளிக்கூடக் கவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி திறப்பது ஜூனில். நடுவில் ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரை வருடப் பிறப்பும் சேர்ந்து வந்து கையைக் காலியாக்கிவிடும். அதனால் ஜனவரியிலேயே தொடங்கி ஐந்து பங்காகப் போடுங்கள். அதையும் காசாக வைத்திருக்காமல் பிப்ரவரியில் சீருடைக்குப் பச்சை லுங்கித் துணி, மார்ச்சில் வெள்ளைச் சட்டைத் துணி, அப்புறம் நோட்டுகள் என்று பொருளாக மாற்றிவிடுங்கள்.

சேமிப்பு

ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுங்கள். பிடியரிசி நம் பாட்டிமார் வழக்கம்தான். சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் அந்தப் பானை எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.

பணமாகச் சேர்ப்பதில் எனக்குப் பயம் உண்டு. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது, மாற்றியும் தரவில்லை. கூரை மாற்றுவதற்காக என் மாமனார் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தது முழுக்க 75 கியாட் நோட்டு. அந்த டப்பா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, இப்போது அதில் நூலும் ஊசியும். அதனால் மிஞ்சியதைத் தங்கமாக்குகிறோம். இங்கே தங்கத்தை பெ, கியாட்தா என்ற பர்மிய எடையில் நிறுப்பார்கள், 16 பெ சேர்ந்தது ஒரு கியாட்தா. ஒரு பெ என்பது கிட்டத்தட்ட ஒரு கிராம். எட்டு பெ சேர்ந்தால் ஏறக்குறைய நம் ஒரு சவரன். கல் வைத்த நகை வேண்டாம், சேதாரத்தில் போய்விடும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சீட்டு சேர்வதானால் குறைந்த மாதச் சீட்டாகப் பாருங்கள். நான் சேர்ந்த பன்னிரண்டு மாதச் சீட்டு ஏழாவது மாதத்தில் நின்றுபோனது, கட்டியது திரும்பவே இல்லை. ஒழுங்காக நடந்திருந்தாலும், கடைசியில் எடுப்பவருக்கு அதே தொகையில் முதல் மாதம் வாங்கக்கூடிய அளவு பொருள் கிடைக்காது. நம்பிக்கையான ஆறு பேர், ஆறு மாதம் போதும்.

வாரம் ஒருமுறை

ஞாயிறு சாயங்காலம் இருபது நிமிடம் கவர்களை எண்ணுகிறோம். அரிசிக் கணக்கு சின்ன மகள் பொறுப்பு. தினமும் எத்தனை டின் எடுத்தோமோ அத்தனை கோடு, அரிசி டிரம் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் போடுகிறாள். இந்த ஞாயிறு 151 கோடு இருந்தது. "இன்னும் 41 டின் இருக்கும்மா, எட்டு நாளைக்கு வரும்" என்றாள். மூட்டைக்காரருக்கு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.