பரிணாம மரத்தில் நூற்றுக்கு நூறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் பிறந்தால் போதும், மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலிருந்து புராஜெக்ட் மாணவர்கள் லேப்டாப்போடு வந்துவிடுவார்கள். ஜீனோம் தரவை வைத்து எந்த உயிர் எதற்குச் சொந்தம் என்று மரம் போட்டிருப்பார்கள். ஃபைல் பெயரில் இடைவெளி விடாதே, பேக்கப் எடு என்பதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு வருஷா வருஷம் எரிச்சல் மூட்டுவது வேறு.

பூட்ஸ்ட்ராப் 100 வந்ததும் கடையைக் கட்டுவது

மேலூர்ப் பக்கம் அவரையில் பிடித்த அசுவினி, கத்தரியில் மொய்த்த வெள்ளை ஈ. இவற்றின் உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களின் ஜீனோமை வைத்து ஒரு மாணவி மரம் போட்டிருந்தார். அசுவினிக்குள் இருப்பது புக்னெரா, வெள்ளை ஈக்குள் போர்ட்டியெரா. இரண்டும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. கிளை பிரியும் கணுவில் பூட்ஸ்ட்ராப் எண், அதாவது அந்தக் கிளைக்குத் தரவு தரும் ஆதரவு, நூற்றுக்கு 100. "ஒரே மூதாதை சார், சந்தேகமே இல்ல" என்றார். அந்தக் கணுவை நம்பி ஒரு அத்தியாயமே எழுதி, பைண்டிங்குக்கும் கொடுத்தாயிற்று.

லாக் ஃபைலைத் திறக்கச் சொன்னேன். மரம் போடும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீ, தேடத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு சீக்வென்ஸிலும் ஏ, சி, ஜி, டி எழுத்துகளின் விகிதம் மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து, பெயருக்கு நேரே 'பாஸ்டு' அல்லது 'ஃபெயில்டு' என்று போட்டுவிடும். இரண்டு பாக்டீரியாவுக்கும் 'ஃபெயில்டு'. அந்தப் பட்டியலை யார் படிக்கிறார்கள்? சர்ரென்று உருட்டிவிட்டுக் கடைசி வரிக்குப் போய்விடுகிறார்கள்.

ஒப்பிட, ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகள் ஏறக்குறைய 51 சதவீதம். புக்னெராவில் சுமார் 26 தான். போர்ட்டியெராவிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. பூச்சிக்குள் அடைபட்டு வாழும் பாக்டீரியாக்கள், தமக்குள் சொந்தமே இல்லாவிட்டாலும், ஏ, டி பக்கம் சாய்கின்றன, வேகமாகவும் மாறுகின்றன. எல்லாக் கிளைக்கும் ஒரே எழுத்து விகிதம் என்று எடுத்துக்கொள்ளும் மாடல், இந்தச் சாய்வை உறவு என்று படித்துவிடுகிறது. வேகமாக மாறிய கிளைகள் சில கணக்குமுறைகளில் பொய்யாக ஒட்டிக்கொள்ளும் என்று பரிணாம மரக் கணக்குகளை ஆராய்ந்த ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1978இலேயே காட்டிவிட்டார். 1985இல் பூட்ஸ்ட்ராப்பை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

பூட்ஸ்ட்ராப் செய்வது இவ்வளவுதான்: அலைன்மென்ட்டின் (ஒத்த இடங்கள் நேராக வரும்படி அடுக்கிய சீக்வென்ஸ்களின்) பத்திகளைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து மரம் போடும். தரவு போதாமல் வரும் தடுமாற்றம் அதில் தெரியும். ஒரு பக்கச் சாய்வு தெரியாது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய தராசில் தக்காளியை எத்தனை தடவை நிறுத்தாலும் அதே எடைதானே காட்டும்? ஜீன் கூடக் கூட 100 வருவது சுலபம், தப்பான மரத்துக்கும்.

அப்புறம் என்ன செய்வது? மூன்றெழுத்துத் தொகுப்பான கோடானின் மூன்றாம் இடத்தை நீக்கிப் பாருங்கள். அமினோ அமிலங்களுக்கு மாறி, குணம் ஒத்தவற்றைச் சேர்த்து ஆறு வகையாகக் குறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் வேறு விகிதத்தை அனுமதிக்கும் கேட் (CAT) மாடலில் ஓட்டுங்கள், நேரம் பிடித்தாலும் பரவாயில்லை. நீண்ட கிளைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது எங்கே போய் உட்காருகிறது என்று கவனியுங்கள். அந்த மாணவியின் மரத்தில் போர்ட்டியெரா, புக்னெராவை விட்டு ஹாலோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் பக்கம் போய்விட்டது. அத்தியாயமும் போயிற்று.

எல்லா ஜீனும் ஒரே கதை சொல்லும் என்று நினைப்பது

மனிதனுக்கு நெருக்கம் சிம்பன்சி, சரி. ஆனால் 2012இல் கொரில்லா ஜீனோம் வந்தபோது, அதில் சுமார் 30 சதவீதப் பகுதியில் மனிதனும் சிம்பன்சியும் தமக்குள் நெருங்கவில்லை. இரண்டில் ஒன்று கொரில்லாவோடு ஒட்டியது. ஜீன் வாரியாகவும் மரம் போட்டு, எத்தனை ஒத்துப்போகின்றன என்று எண்ணுங்கள்.

பாராலாக்

ஒத்த சீக்வென்ஸைத் தேடித்தரும் பிளாஸ்ட்டில் முதலில் வந்ததெல்லாம் அதே ஜீன் ஆகாது. நகலாகிப் பிரிந்த வேறு ஜீனாக, அதாவது பாராலாக்காக, இருக்கலாம்.

வேர்

மரத்தின் வேரைக் காட்ட, தூரத்துச் சொந்தமான புறக்குழு ஒன்றைச் சேர்க்கவில்லையா? எது முந்திப் பிரிந்தது என்று பேசாதீர்கள்.

பெயரைப் பார்த்து இனங்களைத் தேர்ந்தெடுப்பது

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் நிற்கும் நம் வரையாட்டையும் இமாலயத் தார் என்ற காட்டாட்டையும் வெகுகாலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் டிஎன்ஏவைப் பார்த்தபோது வரையாடு செம்மறிப் பக்கமும், இமாலயத் தார் வெள்ளாட்டுப் பக்கமும் போயின. வரையாட்டுக்கு மரம் போடுகிறவர் செம்மறியைச் சேர்க்க மறந்தால், மரம் பட்டியலில் இருப்பவற்றில் ஒன்றைச் சொந்தம் என்று காட்டிவிடும். அதற்கும் கணுவில் 100 வரலாம்.