மவுஸை நாம் தொடக் கூடாது

சென்னை கண்ணகி நகரில் மாலை ஐந்தரைக்கு என் கணினி வகுப்பு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் 15 பிள்ளைகள், 5 லேப்டாப். பக்கத்திலேயே ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். இவர்களின் அம்மாக்கள் சிலர் அங்கே துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். அதே கட்டடங்களில் இந்தப் பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் பகுதியிலும் தொடங்க நினைத்தால், நான் செய்வதைச் சொல்கிறேன்.

நன்கொடை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. கேட்டால் தருவார்கள். பேட்டரி செத்திருந்தால் சார்ஜரைச் செருகியே ஓட்டலாம். பழைய கணினியிலும் ஓடும் இலவச இயங்குதளமான லுபுண்டு போட்டு, கட்டளைக் கட்டங்களை அடுக்கித் திரையில் ஒரு பூனையை நகர்த்தி நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் 1.4 என்ற பழைய பதிப்பை ஏற்றுங்கள். இணையம் இல்லாமலே ஓடும்.

ஒரு லேப்டாப்புக்கு மூன்று பேர். ஒருவர் கையில் மவுஸ். அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் மட்டும் சொல்வார். மூன்றாமவர் நோட்டில் எழுதுவார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மாற்றாவிட்டால் மவுஸ் பையன்களிடமே தங்கிவிடும். திரையில் பூனை நகராமல் நின்றுவிட்டால் உங்கள் கை தானாக மவுஸுக்குப் போகும். போகக் கூடாது. “ஏன் நின்னுச்சு?” என்று மட்டும் கேளுங்கள்.

தலைமைப் பண்புக்குத் தனிப் பாடம் வேண்டாம். முதல் வருடம் கெட்டிக்காரப் பையன் ஒருவனை லீடராக்கினேன். இரண்டே வாரத்தில் மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அறைச் சாவி வாரம் ஒருவரிடம். திறப்பது, லேப்டாப்பை எண்ணி வைப்பது, வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதிகம் பேசாத பிள்ளையிடம் முதலில் கொடுங்கள்.

மூன்றாம் மாதம் தெருவில் இறங்குங்கள். எரியாத விளக்குக் கம்பங்களின் எண்ணை எழுதிவந்து லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் அட்டவணை போடட்டும். சென்னையில் என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் பிள்ளைகளே பேசி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். அதற்கு முன் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

அப்புறம், சுண்டல் கட்டாயம். மதியம் சாப்பிட்டதோடு சரி என்று வரும் பிள்ளைக்கு ஆறு மணிக்கு மேல் எதுவும் ஏறாது. தண்ணீர் பிடிக்கும் நேரத்தை அம்மாக்களிடம் கேட்டுக்கொண்டு வகுப்பு வையுங்கள். ஏழு மணிக்கு முடித்துவிடுங்கள், அதற்கு மேல் நேரமானால் பெண் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள்.

ஆறாம் மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்தாவது படிக்கும் வாண்டுகளைக் கூட்டிவந்து இவர்களையே சொல்லிக்கொடுக்க விடுங்கள். சொல்லிக்கொடுப்பவர்களும் மவுஸைத் தொடக் கூடாது. நீங்கள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருங்கள்.