மறுபிறவி வேண்டாம்: காலம் தாண்டிய போராட்டக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழும் இருவர் ஒரே அநீதியை எதிர்க்கிறார்கள், அவர்களுக்குள் விளக்க முடியாத ஒரு தொடர்பு இருக்கிறது. இப்படிக் கதை எழுத உட்கார்ந்தால், நம் கை முதலில் போவது மறுபிறவியிடம்தான். இதைவிடப் பெரிய தவறு இந்த வகைக் கதையில் இல்லை என்பேன். "நீ இந்தச் சாதியில் பிறந்தது போன பிறவி வினை" என்று சொல்லித்தான் மக்களைக் காலங்காலமாக அடக்கி வைத்தார்கள். அடக்கியவர்களின் அந்த வாதத்தையே கதையின் அச்சாணியாக வைத்துவிட்டு, மேலே எத்தனை புரட்சி வசனம் எழுதினாலும் நிற்காது.

சரி, கொள்ளுப்பாட்டி, பேத்தி என்று ரத்த உறவாக்கிவிடலாமா? அதுவும் கதையைச் சுருக்கிவிடும். தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1859-இல் மேலாடைக்காக அடிவாங்கிய நாடார் பெண் ஒருத்தி. 1915-இல் கொல்லம் பகுதியில் நடந்த பெரிநாட்டுக் கிளர்ச்சிக்குப் பின், புலையர் தலைவர் அய்யன்காளி கூட்டிய கொல்லம் கூட்டத்தில் அடிமை அடையாளமான கல்மாலையை அறுத்தெறிந்த புலையர் பெண் ஒருத்தி. இருவருக்கும் ரத்த உறவு இல்லை, சாதியும் வேறு. ஆனால் இருவர் கையும் ஒரே வேலையைச் செய்கிறது: உடம்பின் மேல் யாரோ எழுதிய சட்டத்தை மாற்றுகிறது. தொடர்பை அந்தச் செயலில் வையுங்கள். 1859-இல் ஒருத்தி துணியை இழுத்துப் போர்த்தும்போது 1915-இல் இன்னொருத்தியின் தோளில் அது உறைக்கட்டும்.

அடுத்தது, இன்றைய ஆளைக் கடந்த காலத்துக்கு அனுப்பி அங்குள்ளவர்களுக்குத் தன்மானம் கற்றுக்கொடுக்க வைப்பது. அவர்களுக்கு அது தெரியாதா என்ன? 1810-களில் திருவிதாங்கூரில் இருந்த ஆங்கிலேய அதிகாரி கர்னல் மன்றோ, கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் (சட்டை போன்ற மேலாடை) அணியலாம் என்று அனுமதித்தார். பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை, உயர்சாதிப் பெண்களைப் போல அதன்மேல் தோள்சீலையும் போட்டார்கள். உண்மையான மீறல் அந்த ஒரு துண்டுத் துணிதான். சந்தையில் உயர்சாதியினர் அதைக் கிழித்தெறிந்தார்கள், 1829-இல் அரசாணையே தடுத்தது. அப்புறமும் பெண்கள் போட்டார்கள். அதே மண்ணில் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்ன அய்யா வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். இவர்களுக்கு 2025-இலிருந்து மீட்பர் தேவையில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1979-இல் எழுதிய 'கிண்ட்ரெட்' நாவலில், 1976-இல் வாழும் கறுப்பினப் பெண் டானா, அடிமை முறை நிலவிய மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். எதிர்காலம் தெரிந்தும் அவளுக்கு அங்கே அதிகாரம் கிடைப்பதில்லை. தன் முன்னோன் என்பதால் அடிமை முதலாளியின் மகனையே அவள் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் ஒரு கையை இழந்துதான் திரும்புகிறாள். காலம் தாண்டுவதற்கு உங்கள் கதையிலும் ஒரு விலை இருக்கட்டும்.

கொடுங்கோல் ராஜா ஒருவரை மட்டும் வில்லனாக்குவதும் பலவீனம்தான். வரி தண்டியவர், கூலியில்லா ஊழியத்துக்கு ஆள் பிடித்தவர், சந்தையில் வேடிக்கை பார்த்தவர் எல்லோரும் சேர்ந்துதான் அந்த ஒடுக்குமுறை நடந்தது. 1850-களின் பனையேறி "மனித உரிமை" என்று இன்றைய மொழியில் பேசுவதையும் விட்டுவிடுங்கள்.

முலைவரியை எதிர்த்துத் தன் மார்பை அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் நங்ஙேலியின் கதையைப் பலர் எடுக்கிறார்கள். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் வாய்மொழியாக வாழும் கதை அது. புனைவில் தாராளமாக வரலாம், ஆனால் அரசு ஆவணத்தில் இருப்பது போல முன்னுரையில் எழுதாதீர்கள். ஆதாரம் கேட்டு ஒருவர் வந்தால், ஆவணங்களில் உள்ள தோள்சீலைப் போராட்டத்தின் மேலும் சந்தேகம் விழும்.

கடைசியாக, முழு வெற்றியில் கதையை முடிக்கும் ஆசை. 1859 ஜூலை 26 அறிவிப்பு, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றது. மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த 'ஆனால்' உங்கள் 1859 பாத்திரத்தின் காதில் விழ வேண்டும். அதைக் கேட்ட பிறகும் மறுநாள் சந்தைக்கு அவள் எதைப் போட்டுக்கொண்டு போகிறாள் என்பதை எழுதுங்கள். 1915-இல் இருப்பவளுக்குப் போய்ச்சேர வேண்டியது அந்த முடிவுதான்.