சீன மருத்துவப் பட்டம்: சேர்வதற்கு முன்பே செய்யும் தவறுகள்

சீன மரபு மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறார்கள். பட்டத்தின் மதிப்பு, எந்த நாட்டில் வைத்தியம் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே அந்த நாட்டின் பதிவு விதியைப் படித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களில் 1956-ல் அரசு தொடங்கிய கல்லூரிகள் இன்று பெரிய பல்கலைக்கழகங்கள். அங்கு முழுநேரமாக ஐந்தாண்டு படித்து வந்தவரும் ஹாங்காங்கில் உரிமத் தேர்வு எழுதியே ஆக வேண்டும். தபால்வழிப் பட்டத்துக்கு அந்தத் தேர்விலேயே இடமில்லை.

இந்திய மாணவர்களுக்கு அதிகம் செலவு வைக்கும் தவறு வேறு. சீனாவில் ‘சீன-மேற்கத்திய ஒருங்கிணைந்த மருத்துவம்’ என்றொரு பட்டம் உண்டு. அதுவும் எம்.பி.பி.எஸ். போலத்தான் என்று முகவர் சொன்னால் நம்பாதீர்கள். 2021-ல் வந்த இந்திய விதிமுறை, வெளிநாட்டு மருத்துவப் பட்டத்தை ஏற்க, எம்.பி.பி.எஸ்.-க்கு ஈடான பாடத்திட்டத்தை ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதம் படித்து, 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்கக் கேட்கிறது. மறுபக்கம், நம் இந்திய மருத்துவ முறைகளுக்கான ஆணையத்தின் கீழ் வருபவை ஆயுர்வேதம், சித்தா, யுனானி, திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பா ஆகியவை மட்டுமே. இரண்டு கதவும் திறக்காது.

ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை முதல் நாடு தழுவிய பதிவு நடப்பில் உள்ளது. அக்குபங்சர், மூலிகை மருத்துவம், மூலிகை மருந்து வழங்கல் என்று மூன்று பிரிவுகள். அக்குபங்சர் மட்டும் படித்துவிட்டு மூலிகை மருத்துவர் என்று பலகை மாட்ட முடியாது. அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான்: அக்குபங்சர் முதுகலை ஏறத்தாழ மூன்றாண்டு, மூலிகையும் சேர்ந்தால் நான்காண்டு. ஓராண்டு மிச்சம் என்று மூலிகையை விட்டவர்கள் பின்னால் திரும்பப் படிக்க வேண்டிவரும்.

மொழித் தேர்வில் தேறிவிட்டோம் என்ற நிம்மதியும் ஏமாற்றும். எச்.எஸ்.கே. என்ற அந்தத் தேர்வு சோதிப்பது இன்றைய சீன மொழியை. பாடமோ ஈராயிரம் ஆண்டுப் பழைய நடையில் எழுதிய நூல்களிலிருந்து வருகிறது. சங்க இலக்கியத்தைப் பேச்சுத் தமிழை வைத்துப் படிப்பது போல. குவாங்சோ மருத்துவமனையிலோ வயதான நோயாளி அந்த வட்டார மொழியான கான்டனீஸில் பேசுவார்.

வகுப்பில் எளிதாகத் தோன்றி மருந்தகத்தில் ஆபத்தாவது எடை. ‘சியென்’ என்ற பழைய எடை அளவைச் சீனப் பெருநிலத்தில் 3 கிராமாகக் கொள்கிறார்கள். தைவானில் அது 3.75, ஹாங்காங்கில் ஏறத்தாழ 3.78. நம் ஊர் நச்சுக் கிழங்கான நாபிக்கு உறவான ‘ஃபூ த்ஸு’ கிழங்கு 3 சியென் என்றால் ஓரிடத்தில் 9 கிராம், இன்னோரிடத்தில் 11.25. நஞ்சுள்ள சரக்கில் கால் பங்கு கூடுவது சிறிய விஷயமல்ல. போதுமான நேரம் கொதிக்க வைக்காவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சரக்கின் பெயரும் அப்படித்தான். ‘ஃபாங் ஜி’ என்ற பெயர் ஸ்டெபானியா என்ற செடிக்கும் உண்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகியா இனச் செடி ஒன்றுக்கும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இந்தக் குழப்பத்தால், உடல் எடை குறைக்க மருந்து எடுத்தவர்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சீனப் பெயரோடு தாவரவியல் பெயரையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். குறிப்பேட்டில் கிராமில் மட்டும் எழுதுங்கள். பழைய மருந்துச்சீட்டைப் படியெடுத்தால், அது எந்த ஊரில் எழுதியது என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள்.