08 வந்தால் நின்றுபோகும் பாஷ் கணக்கு

எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் பாஷில் (லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) எழுதியது. 7ஆம் தேதி வரை ஒழுங்காக ஓடும். 8, 9 தேதிகளில் பிழை காட்டி நிற்கும். 10ஆம் தேதி தானாகச் சரியாகிவிடும்.

அதில் தேதி 07, 08 என்று இரண்டு இலக்கத்தில் வரும். தேதியோடு 1 கூட்டும் வரியைத் தனியே ஓட்டிப் பார்த்தேன். $((07+1)) என்றால் 8 வருகிறது. $((08+1)) என்றால் பிழை. முன்னால் பூஜ்யம் இருந்தால் பாஷ் அதை ஆக்டல் எண்ணாக, அதாவது 8ஐ அடிமானமாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஆக்டலில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது.

$((10#08+1)) என்று அடிமானம் 10 எனச் சொன்னதும் 9 வந்தது. எண்ணுக்குப் பதில் மாறி (variable) என்றால் 10#க்கு அப்புறம் டாலர் குறியோடு பெயரை எழுத வேண்டும்.

இதைவிட ஆபத்து 010. ஆண்டின் நாள் எண்ணை மூன்று இலக்கத்தில் எடுக்கும்போது அது வரும். பிழையே காட்டாமல் 8 என்று கணக்காகிவிடும். அங்கேயும் 10# சேர்த்துவிட்டேன்.