பேதி என்று எழுதி அனுப்பும் முன்: சின்னக் குழந்தைகளின் குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்)

பணிக்குப் புதிதாக வரும் டாக்டர்கள், அந்த வயதில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வலது அடிவயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பேதி இருக்கிறது, அதனால் குடல்வால் அழற்சி இல்லை

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 3 வயதுக்குக் கீழே குடல்வால் அழற்சி அபூர்வம். வந்தால், பெரும்பாலும் வெடித்த பிறகே கண்டுபிடிக்கிறோம். குடல்வாலின் சுவர் மெல்லியது. சீழைச் சுற்றி மூடவேண்டிய கொழுப்புத் திரையும் அந்த வயதில் சரியாக வளர்ந்திருக்காது. வெடித்தால் வயிறு முழுக்கப் பரவும்.

இரண்டரை வயதுப் பெண் குழந்தை. வாந்தி, காய்ச்சல், பேதி. வேறொரு இடத்தில் ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பியிருந்தார்கள்; மறுநாள் போனபோதும் அதே சீட்டு, கூடவே ஒரு ஆண்டிபயாட்டிக். எங்களிடம் வந்தபோது வயிறு உப்பி, வாந்தி பச்சையாகியிருந்தது. "நடக்கிறாளா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு நாளா இடுப்ப விட்டு எறங்கவே மாட்டேங்குறா டாக்டர். கீழ விட்டா கால மடக்கிக்கிட்டு அழுவுறா."

அதுவரை யாரும் அதைக் கேட்கவே இல்லை!

இடுப்புக்குழிக்குள் இறங்கியிருக்கும் குடல்வால் வீங்கினால் பக்கத்திலுள்ள மலக்குடலை உறுத்தும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு, அடிக்கடி போகும். வயிற்றுத் தொற்றில் பெரும்பாலும் தண்ணீராக, நிறையப் போகும். அதனால் எத்தனை தடவை என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

சிறுநீரில் சீழணு, அதனால் சிறுநீர்த் தொற்றுதான்

வீங்கிய குடல்வால் சிறுநீர்ப்பையை ஒட்டிக் கிடந்தாலும் வரும்.

ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது?

இருக்கட்டும். அதை மட்டும் வைத்துக் குடல்வால் அழற்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஸ்கேன்

"குடல்வால் தெரியவில்லை" என்ற அறிக்கையை "நார்மல்" என்று படிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து, முதலில் பார்த்தவரே மறுபடி தொட்டுப் பார்ப்பது நல்லது. அழும்போது எந்த வயிறும் இறுக்கமாகத்தான் இருக்கும்; அம்மா மடியிலோ தூக்கத்திலோ பாருங்கள்.

வலி மருந்து நோயை மறைத்துவிடும்

பழைய பயம். கொடுங்கள், வலி குறைந்த குழந்தைதான் வயிற்றைத் தொட விடும்.

வாயால் சொல்லி அனுப்புவது

சரி, பேதிதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அப்புறமும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: நடக்க மறுத்தால், வயிறு உப்பினால், வாந்தி பச்சையானால், நடுராத்திரியானாலும் உடனே கூட்டிவரவும்.